சென்றியில் நின்ற சூசையப்பர்

பாலையூற்றுக்கு அப்பால், பெரிய வீதியிலிருந்து இறங்கும் மண் ஒழுங்கையின் முடிவில் எங்கள் பங்கைச் சேர்ந்த சிறிய கோவில் ஒன்று இருந்தது. யுத்த காலத்தில் ஞாயிறு தோறும் அங்கே போய்ப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்தேன். மற்ற நாட்களில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை. எங்கள் வீடு துறைமுகத்துக்குப் போகும் வீதியில். அப்பா துறைமுகத்தில் இலிகிதராக இருந்து இளைப்பாறியவர். பங்குச் சபைக்கும் அவர்தான் தலைவர். ஆகவே கோவில் விஷயம் எதுவும் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வராமல் போகாது.

அந்தச் சிறிய கோவிலைச் சுற்றியிருந்த குடிசைகளில் இருந்தவர்கள் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கென்று அவர்களுடைய பாட்டன் பூட்டன்மாரை இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு அவர்களுடைய குடியுரிமை பறிபோனது. கொஞ்சப் பேரை இந்தியா எடுப்பதென்றும் கொஞ்சப் பேரை இலங்கை வைத்திருப்பதென்றும் இரண்டு அரசாங்கங்களும் பிறகு பேசி முடித்தன. அந்தப் பங்கீடு முடிவதற்குள் மலையில் கலவரம் வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் எரிந்தன. தப்பியவர்கள் லொறி ஏறி எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார்கள். எங்கள் ஆட்கள் அவர்களைத் ‘தோட்டக்காட்டார்’ என்பார்கள். சொல்லும்போது யாருக்கும் நாக்குக் கூசாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

நான் சொல்ல வந்த அக்கா அந்தக் குடிசைகளில் ஒன்றில் இருந்தார். நல்ல உயரம். கதைத்தால் அடுத்த வளவுக்குக் கேட்கும். அவரும் கணவரும் குளத்தடியில் இருந்த கல்வாடியில் செங்கல் அறுத்தார்கள். மகள் என்னிடம் ஞானோபதேசம் படித்தாள். மகளைக் கூட்டிப்போக வந்தால் அக்கா வெளியே நிற்க மாட்டார். பின்வாங்கில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடம் கேட்பார். கேட்டால் சும்மாவும் இருக்க மாட்டார்.

ஒரு ஞாயிறு, பாலன் இயேசுவைக் கொல்ல ராசா ஆள் அனுப்பியதையும் சூசையப்பர் மாதாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அடுத்த நாட்டுக்கு ஓடியதையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“டீச்சர்,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “அந்த நாட்டுல அவங்களுக்குக் கார்டு குடுத்தாங்களா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

“தெரியாது அக்கா. அதைப் பற்றி ஒன்றும் எழுதியில்லை,” என்றேன்.

“எழுதியிருக்க மாட்டாங்க. குடுத்திருந்தாத்தானே எழுதுவாங்க.”

அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை என்பது கார்த்திகை மாதம் எனக்குத் தெரியவந்தது. கணவருக்குக் காய்ச்சல். மருந்தெடுக்க நாங்கள் இருந்த ரவுணுக்கு வந்தவரை வீதியில் இருந்த சென்றியில் ஆமிக்காரர் மறித்தார்கள். சென்றி என்றால் மண்மூட்டை அடுக்கி, பரல் என்ற இரும்புப் பீப்பாய் வைத்து, போகிறவர் வருகிறவரிடம் அடையாள அட்டை பார்க்கும் இடம். அவரிடம் அட்டை இல்லை. பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். எங்கள் பங்குக் குருவான பாதர் போய்க் கேட்டும் விடவில்லை. அக்கா மகளையும் இழுத்துக்கொண்டு சட்டத்தரணியின் கந்தோருக்கு வந்தார்.

சட்டத்தரணி பொறுமையான மனிதர். கதிரையைக் காட்டி உட்காரச் சொல்லி, முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“உங்கட அவர் எந்த நாட்டுப் பிரசை?”

“அதத்தாங்க ஐயா நானும் கேக்கிறேன்,” என்றார் அக்கா. “அவரு அப்பாவும் எங்கப்பாவும் இந்தியாவுக்குப் போறதுக்குக் கையெழுத்து வெச்சாங்க. பாஸ்போட்டும் வந்துச்சு. தோட்டத்துல பேர வெட்டிட்டாங்க. பெட்டி கட்டிக்கிட்டுக் கெடந்தோம். அப்புறம் சண்டை வந்து தலைமன்னார்க் கப்பலு நின்னு போச்சு. அந்தப் பாஸ்போட்டும் காலம் முடிஞ்சு போச்சு. இந்தியாவ நாங்க கண்ணால பாத்ததில்ல. இங்க, இது ஒங்க நாடு இல்லங்கிறாங்க. அப்ப எங்களுக்கு எது நாடு?”

நான் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் இருந்தேன். சட்டத்தரணி சொல்லச் சொல்ல அடிப்பதுதான் என் வேலை. அவர் பிரசாவுரிமை என்ற இடத்தை வெறுமையாக விட்டு மற்றதை அடிக்கச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து அந்த மனிதரை விட்டார்கள். அது முதல் தரமும் இல்லை, மூன்றாம் தரமும் இல்லை என்று அதன் பிறகுதான் அறிந்தேன். முந்திய ஒவ்வொரு முறையும் பாதர் போய் இவர் எங்கள் கோவில் ஆள் என்று சொல்லிக் கூட்டிவருவாராம். “எத்தனை தடவன்னு பாதர் வருவாரு? பாதருக்கு மாத்தலாகிப் போச்சுன்னா?” என்று அக்கா என்னிடம் கேட்டார்.

மார்கழி வந்தது. முந்திய வருடச் சண்டையில் அந்தச் சிறிய கோவிலில் அகதிகள் நிறைந்திருந்தார்கள். கூரையின் ஒரு பக்கம் விழுந்தபோது இயேசு பிறந்த நத்தார்த் திருநாளுக்குக் கட்டும் பாலன் குடிலில் வைக்கும் சுரூபங்கள் எல்லாம் நொறுங்கிவிட்டன. இந்த முறை என்ன செய்வது என்று பேச எங்கள் வீட்டு விறாந்தையில் பங்குச் சபை கூடியது. பெரிய கோவிலிலிருந்து பழைய சுரூபங்கள் ஒன்றிரண்டை இரவல் கொடுக்கலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போது அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை. கையில் ஒரு கன்றுக்குட்டி இருந்தது. களிமண் கன்றுக்குட்டி. கழுத்தைத் திருப்பித் தாயை நக்கப் பார்ப்பதுபோல் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. பாதர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்த வருசம் எங்க கோயில் குடில நாங்களே செய்றோம் பாதர்,” என்றார் அக்கா. “மண்ணு இருக்கு. கை இருக்கு.”

“குடில் எண்டது விளையாட்டுச் சாமான் இல்லை,” என்றார் அப்பா. “சனம் முழங்காலில் நிண்டு கும்பிடுற இடம். நீ மாடு செய்வாய். மாதாவைச் செய்ய உனக்கு ஏலுமோ?”

“மாதாவும் பொம்பளதானே ஐயா. மாட்டவிட எனக்கு அவங்களத்தான் நல்லாத் தெரியும்.”

பாதர் சிரித்துவிட்டார். அத்தோடு அது முடிவானது. ஆனால் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, “பிள்ளை, நீ அடிக்கடி போய்ப் பார். கண்டபடி எதையும் செய்து வைச்சால் வெக்கக்கேடு,” என்றார்.

அப்படித்தான் நான் அந்த வேலைக்குக் கண்காணிப்பாளராகப் போனேன். போன முதல் நாளே மண் குழைக்க விட்டுவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் மார்கழி என்றால் மாரி மழை. வெயிலைக் காண்பது அருமை. அக்கா குளத்து மண்ணில் உமி கலந்து மிதித்தார். மூங்கில் சிம்பைக் கட்டி அதன்மேல் வைக்கோல் சுற்றி மண் அப்பினார். செய்த உருவங்கள் காயவில்லை. மாதாவின் முகம் ஒரு பக்கமாக இறங்கி, அடுத்த நாள் பார்த்தால் அழுதுகொண்டிருப்பது போலிருந்தது. அக்கா அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் திரும்பச் செய்தார். பிறகு குசினி அடுப்புக்கு மேலே பரண் கட்டி, உருவங்களை அதில் கிடத்தி, ஈரவிறகு புகையப் புகைய உலர்த்தினார். இருமிக்கொண்டே சமைத்தார். சூசையப்பரும் மாதாவும் புகை பிடித்துக் கறுத்து, கல்வாடி ஆட்களின் நிறத்துக்கு வந்தார்கள்.

“வெள்ளை அடிக்கப் போறீங்களோ?” என்று கேட்டேன்.

“எதுக்கு? நல்லாத்தானே இருக்காங்க,” என்றார். துணிக்குப் போடும் நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்து மாதாவின் சேலைக்குப் பூசினார். செங்கல் தூளும் மஞ்சளும் அடுப்புக் கரியும் மற்ற நிறங்களுக்குப் போதுமாக இருந்தன.

கழுதைதான் தகராறு. அக்கா கழுதையைக் கண்டதில்லை. நான் சிறுவயதில் மன்னாரில் ஒருமுறை கண்டது. நிலத்தில் குச்சியால் கீறிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்து, “இது நாயா?” என்றார். கடைசியில் எங்கள் இருவருடைய முயற்சியிலும் பிறந்த மிருகத்தை ஆடு என்றும் சொல்லலாம், ரவுணில் திரியும் மான் என்றும் சொல்லலாம். காது மட்டும் கழுதையுடையது.

வேலை நடக்கும்போது அவர் கதைத்துக்கொண்டே இருப்பார். அவர் கதைகளில் எனக்குப் பாதி புதிது. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் பதிந்து, அவருடைய அம்மாவுக்கு நெற்றிக்கு மேலே முடி முளைக்காமல் போனதைச் சொன்னார். கலவரத்தன்று தேயிலைச் செடிகளுக்கு அடியில் படுத்துக்கிடந்ததைச் சொன்னார். அவற்றைச் சொல்லும் குரலில் புலம்பல் இருக்காது. இன்றைக்கு மீன் என்ன விலை என்று சொல்வது போலவே சொல்வார். ஆனால் அந்த நேரத்தில் விரல்களைப் பார்த்தால் தெரியும். மண்ணை அழுத்தும் விதம் மாறியிருக்கும்.

உருவங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனதைக் கவனித்தேன். மாதா, சூசையப்பர், இடையர்கள் என்று முடியவில்லை. தகரப் பெட்டியோடு ஒரு கிழவன், பானை சுமந்த ஒருத்தி, பிள்ளையை இடுப்பில் வைத்த ஒருத்தி, குடை பிடித்த ஒருவர். “இவையெல்லாம் ஆர் அக்கா?” என்று கேட்டால், “வர்றவங்க,” என்பார். அதற்குமேல் சொல்ல மாட்டார்.

திருநாளுக்குச் சில நாள் முன்னதாகக் குடிலைக் கட்டி முடித்து, மறைத்திருந்த சாக்கை விலக்கினார்கள். நானும் அப்பாவும் பாதரும் முன்னால் நின்றோம்.

மாட்டுத் தொழுவம் ஒரு மூலையில் தள்ளி இருந்தது. வைக்கோல் பரப்பிய தொட்டி வெறுமையாக இருந்தது. பூசையின் போதுதான் பாலனை அதில் வைப்பது வழக்கம். தொழுவத்துக்குப் போகும் பாதையின் குறுக்கே ஒரு சென்றி நின்றது. சீமெந்துப் பைக் கடதாசியில் தைத்த குட்டி மண்மூட்டைகள், இரண்டு பால்மாப் பேணிகளால் செய்த பரல்கள், குறுக்கே ஒரு தடி. தடிக்கு அப்பால் துவக்கை நீட்டிப் பிடித்தபடி ஒரு ஆமிக்காரன். இப்பால் சூசையப்பர், சாரத்தை மடித்துக் கட்டி, வெறுங்கையை விரித்துக் காட்டிக்கொண்டு. அவருக்குப் பின்னால் மாதா, நிறைமாத வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி கழுதையின் மேல். அவர்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை. கிழவனின் தகரப் பெட்டி, பானை, குடை, இடுப்புப் பிள்ளை. வரிசை கோவில் வாசற்படி வரைக்கும் வந்திருந்தது. பார்க்க வருகிறவர் அந்த வரிசையின் கடைசி ஆளாகத்தான் நிற்க வேண்டும்.

 இத்தனை நாளும் பக்கத்தில் இருந்து மண் குழைத்துக் கொடுத்தேன். என் கண்ணுக்கு முன்னால் இது உருவாகியதை நான் அறியவில்லை.

“ஐயோ,” என்றார் அப்பா. “இது என்ன வேலை? ஆமி கண்டால் கோவிலையே இழுத்து மூடுவான். எல்லாரையும் ஏத்திக்கொண்டு போவான். எடு, எல்லாத்தையும் எடு!”

“பாதர்தானே ஐயா பிரசங்கத்துல சொன்னாரு, அவங்க பேர் பதியப் போனாங்கன்னு?” என்றார் அக்கா. குரல் இறங்கவில்லை. “பேர் பதியப் போறவங்கள எங்க நிப்பாட்டுவாங்க? இங்கதான் நிப்பாட்டுவாங்க. நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லல.”

அப்பா பாதரைப் பார்த்தார். பாதர் வரிசையில் நின்ற உருவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் முகத்திலும் பயம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். “இருக்கட்டும்,” என்றார் கடைசியில். “வந்து கேட்டால் நான் பதில் சொல்லுறன்.”

அவருக்கு அந்த வேலை வைக்காமல் அக்காவே பதில் சொல்லிவிட்டார். அடுத்த நாள் பின்னேரம் ரோந்து வந்த ஆமிக்காரர் ஒழுங்கையில் இறங்கினார்கள். யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு கோவிலுக்குள் வந்தார். அப்பா வெளிறிப்போய்ச் சுவரோடு நின்றார். பாதர் உடுப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளேயிருந்து வருவதற்கிடையில் அதிகாரி சிங்களத்தில் கேட்டார், இதைச் செய்தது யார் என்று.

“நான்தான் மாத்தயா,” என்று முன்னால் வந்தார் அக்கா. மலைநாட்டில் வளர்ந்தவர், சிங்களம் தண்ணீராக ஓடியது. துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த அப்பாவுக்கும் நல்ல சிங்களம் தெரியும். அவர்தான் பிறகு எனக்கு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“இவன் என்ன கேட்கிறான்?” அதிகாரி மண் ஆமிக்காரனைக் காட்டினார்.

“அடையாள அட்டை.”

“அவரிடம் இல்லையா?”

“இல்லை. பதியத்தானே போகிறார். பதியப் போகிறவரிடம் எப்படி இருக்கும்?”

அதிகாரி கிட்டப் போனார். குனிந்து அந்த ஆமிக்காரனின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தை அக்கா கோபத்தோடு செய்யவில்லை. மீசை அரும்பாத வயது, ஒட்டிய கன்னம், நித்திரை காணாத கண்.

“இவன் சாப்பிட்டுக் கன நாளாகியிருக்கும் போல,” என்றார் அதிகாரி.

“மண் காயவில்லை மாத்தயா. அதனால் ஒடுங்கிவிட்டது.”

அதிகாரியின் வாய் ஓரத்தில் சிரிப்பு வந்து மறைந்தது. கூடவந்த இளம் ஆமிக்காரன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவனிடம் ஏதோ முணுமுணுத்தான். அதிகாரி நிமிர்ந்து, “துவக்கை எடு,” என்றார். “கோவிலுக்குள் துவக்கு வேண்டாம்.” தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியேறினார். அவ்வளவுதான்.

அக்கா மெதுவாகத் துவக்கை அசைத்துக் கழற்றினார். மூங்கில் சிம்பில் செய்தது, இலேசாக வந்துவிட்டது. இப்போது அந்த ஆமிக்காரனின் இரண்டு கைகளும் வெறுமையாக முன்னால் நீண்டிருந்தன. எதையோ வாங்கிக்கொள்ளப் போகிறவன் போலவும், எதையோ கேட்கிறவன் போலவும் இருந்தான். தடிக்கு இந்தப் பக்கம் சூசையப்பரின் விரித்த கை, அந்தப் பக்கம் இவனுடைய கைகள். அக்கா பின்னால் நகர்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“இதுதான் சரி,” என்றார்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்: “நீர் போய்ப் பாரும். துவக்கு இருந்திருந்தால் இவ்வளவு வடிவாய் இருந்திராது.” அப்பா அப்படி எதையும் புகழ்ந்து நான் கேட்டது குறைவு.

ஊரடங்கு என்பதால் அந்தக் காலத்தில் நடுச்சாமப் பூசை கிடையாது. பின்னேரமே நத்தார்ப் பூசை வைத்துவிட்டு எல்லோரும் இருட்டுமுன் வீடு சேர வேண்டும். பாதர் நீளமாகப் பிரசங்கம் வைக்கவில்லை. பாலனைக் கையில் ஏந்தி, குடிலுக்கு நேரே போகாமல், அந்த மண் வரிசையின் பின்னால் வந்து நின்றார். வரிசை நெடுகிலும் ஒவ்வொரு உருவமாகக் கடந்து, சென்றியைக் கடந்து, தொட்டியில் பாலனைக் கிடத்தினார். நாங்கள் பாட மறந்து நின்றோம். அக்காவின் குரல்தான் முதலில் எழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. குடிலைப் பற்றிய கதை பரவிவிட்டது. தை முற்பகுதியில் வரும் மூன்று இராசாக்கள் திருநாள் வரைக்கும் சனம் வந்துகொண்டே இருந்தது. ரவுணிலிருந்து சைவக் குடும்பங்கள் வந்தன. சந்தையில் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி பேரப்பிள்ளைகளோடு வந்தார். கட்டைபறிச்சானிலிருந்து சிலர் மூதூர் லோஞ்சில் கடல் கடந்து வந்தார்கள். அவர்களும் ஒவ்வொரு நாளும் சென்றியில் இறங்கி நடப்பவர்கள்தானே. பார்த்த உடனே ஒருவர் சொன்னார், “இது எங்கட இறங்குதுறை!”

அக்கா கோவில் வாசலை விட்டு நகரவில்லை. கல்வாடிக்கும் போகவில்லை. வருகிறவர்களை வரிசையின் ஓரமாக நடத்திக்கொண்டு போவார். தகரப் பெட்டிக் கிழவனிடம் வந்ததும், ஓரமாகக் குந்தியிருந்த ஒரு முதியவரைக் கூப்பிடுவார். “இந்தா, இவருதான் அவரு.” உருவத்தைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்த்தவர்கள் திகைத்துப்போவார்கள். அதே கூனல், அதே நாடி. முதியவர் பெட்டியைத் திறந்து, பொலித்தீனில் சுற்றிய பாஸ்போட்டை எடுத்துக் காட்டுவார். கப்பலுக்குக் காத்திருந்த கதையைச் சொல்வார். பிறகு பானைக்காரி, தன் தம்பி அட்டையில்லாமல் பிடிபட்டு இன்னமும் வராததைச் சொல்வார். குடைக்காரர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், அவருடைய பிள்ளையைப் பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் மேல்வகுப்புச் சோதனைக்கு எடுக்காததைச் சொல்வார்.

அந்த மனிதர்களோடு நாங்கள் ஒரே கோவிலில் இத்தனை வருடம் இருந்திருக்கிறோம். கல் வாங்கியிருக்கிறோம், கூலிக்குக் கூப்பிட்டிருக்கிறோம். அவர்கள் வாய் திறந்து இவ்வளவு கதைத்ததை யாரும் கேட்டதில்லை. அந்த மண் உருவங்களுக்குப் பக்கத்தில் நிற்கும்போது அவர்களுக்கு ஒரு தைரியம் வந்தது. கேட்கிறவர்களுக்கும் காது வந்தது. ஒரு பெண் ஊமையாக இருந்தவர்களையெல்லாம் களிமண்ணால் பேசவைத்துவிட்டாளே என்று நான் வாசலில் நின்று வியந்துகொண்டிருந்தேன்.

பிள்ளைகளுக்குக் குடில் காட்ட வந்தவர்களில் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் வேலை செய்த ஒரு அதிகாரியும் இருந்தார். அவர் சைவக்காரர். முதியவரின் பாஸ்போட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பிள்ளைகளை மனைவியிடம் விட்டுவிட்டுப் பாதரிடம் போனார்.

“பாதர், பிரசாவுரிமை குடுக்க எங்களால் ஏலாது. அது சட்டம் மாறினால்தான். ஆனால் இவை இந்த இடத்தில இருக்கிற ஆக்கள் எண்டு படத்தோட ஒரு கடிதம் குடுக்கலாம். கிராம சேவகர் கையெழுத்து வைச்சால் நான் மேல கொண்டுபோய்க் கதைக்கிறன். ஆமிக் காம்பிலயும் ஒத்துக்கொள்ள வைக்க வேணும்.”

“காம்பில நான் கதைக்கிறன்,” என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் அப்பா.

தை மாதம் முழுவதும் அந்த வேலை நடந்தது. சட்டத்தரணி தட்டச்சு இயந்திரத்தைத் தந்து உதவினார். சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய்க் கோவில் விறாந்தையில் வைத்துச் சத்தியக்கடதாசிகளை அடித்தேன். அப்பா பக்கத்தில் இருந்து சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார். “நீங்கள் எந்தத் தோட்டத்தில பிறந்தனீங்கள்? அம்மாவின்ர பேர் என்ன?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். ‘நீ’ என்ற சொல் அந்த விறாந்தையில் அவர் வாயிலிருந்து வரவில்லை. அதை நான் கவனித்தேன். அக்காவும் கவனித்திருப்பார். அவர் தவறவிடுகிறவர் இல்லை. ஆனால் என்னிடம் சொன்னது வேறு: “ஐயா எழுத்து நல்லா உருண்டையா இருக்கு.”

கடிதத்தோடு அக்காவின் கணவர் முதல் முதல் சென்றியைக் கடந்த நாள், அவர் ரவுணில் ஒரு அலுவலும் இல்லாமல் சுற்றிவிட்டு, துறைமுகத்துப் படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மகளுக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு போனார். எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். காய்ச்சல் இல்லாமல் ரவுணுக்கு வந்தது இதுதான் முதல் தடவை என்று சொல்லிச் சிரித்தார்.

எல்லாம் நேராகிவிடவில்லை. ஆமி மாறி வேறு படைப்பிரிவு வந்தால் அந்தக் கடிதத்தை மதிக்காத நாட்களும் இருந்தன. ஒருவருடைய கடிதத்தைக் கிழித்தே போட்டார்கள். பானைக்காரியின் தம்பி வரவேயில்லை. சில குடும்பங்கள் பொறுக்க முடியாமல் மன்னாருக்குப் போய்ப் படகேறி இந்தியாவுக்குப் போய், அங்கே இலங்கை அகதிகள் என்று முகாமில் இருந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு அக்கா, “இங்க இந்தியாக்காரன், அங்க சிலோன்காரன்,” என்றார். அந்த வருடக் குடிலில் ஒரு கடல் இருந்தது. நீலம் கரைத்த சீலையில் ஒரு படகு. படகில் மாதாவும் பிள்ளையும். இரண்டு கரையிலும் யாரும் இல்லை.

அதன் பிறகு அவர் குடில் செய்யாத வருடம் இல்லை. ஒரு முறை விமான நிலைய வாசல், வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் வரிசை. அந்த வருடம் எங்கள் அயலில் இருந்து மூன்று பெண்கள் வெளிக்கிட இருந்தார்கள். குடிலைப் பார்த்த பிறகு எங்கள் கந்தோருக்கு வந்து ஒப்பந்தத்தை வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்டார்கள். வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் அக்காவை வேறு கோவில்களுக்கும் கூப்பிட்டார்கள். அவர் போனார். புகழ்ந்தால் கூச்சப்பட மாட்டார். “நல்லாத்தான் செஞ்சிருக்கேன்,” என்று ஒத்துக்கொள்வார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான்.

யுத்தம் சற்று ஓய்ந்திருந்த ஒரு காலத்தில் சட்டம் மாறியது. கப்பல் நின்றதால் மிஞ்சிப்போனவர்களுக்கும் பிரசாவுரிமை என்றார்கள். மறுபடியும் தட்டச்சு இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு போனேன். அப்பா அப்போது நடக்க முடியாமல் இருந்தார். முதியவர் கடைசி வரையில் பாஸ்போட்டை மட்டும் வைத்திருந்து செத்துப்போனார். அக்காவுக்கும் கணவருக்கும் அட்டை வந்தது. மகளுக்கு அதற்கு முன்பே கலியாணமாகியிருந்தது.

அடுத்து வந்த தேர்தலில் அக்காவுக்கு வாக்கு இருந்தது. தனியே போகத் தயக்கமாக இருக்கிறது என்று முதல்முறையாக என்னிடம் ஒரு உதவி கேட்டார். இருவரும் விடியவே போனோம். பள்ளிக்கூட வகுப்பறையில் வாக்களிப்பு. எங்களுக்கு முன்னால் கொஞ்சப் பேர் நின்றார்கள். அக்கா நல்ல சேலை உடுத்தி, தலை வாரி, ஒன்றும் பேசாமல் நின்றார். அப்படி அவர் பேசாமல் நின்று நான் பார்த்ததேயில்லை.

மேசையில் இருந்த இளம் உத்தியோகத்தர் அட்டையை வாங்கிப் பார்த்து, வாக்காளர் இடாப்பில் தேடி, வழக்கப்படி எல்லோருக்கும் கேட்க அவருடைய முழுப்பெயரையும் வாசித்தார்.

அக்கா நகரவில்லை.

“அம்மா, அங்கால போங்கோ,” என்றார் உத்தியோகத்தர்.

“தம்பி,” என்றார் அக்கா, “இன்னொரு தடவ வாசிங்க.”

உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. விரலை இடாப்பில் வைத்துக்கொண்டு, முதல் தடவையைவிட உரத்து, ஒவ்வொரு எழுத்தும் விளங்க, திரும்ப வாசித்தார். அக்கா தலையை ஆட்டிவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.